தேனில் கரைத்த தூள்

நாற்பத்தொரு மணித்தியாலமாக றாபியா அந்தப் பெட்டியைத் தன் சாரிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

வெள்ளை மட்டைப் பெட்டி. கைக்குள் அடங்கிவிடும். அதற்குள் இருந்த மருந்துப் போத்தல் குசினி அலுமாரித் தட்டில் எல்லோருக்கும் தெரியும்படிதான் நின்றது. போத்தலின் லேபிளில் பயப்பட ஒன்றுமில்லை. பெட்டியின் முதுகில், பொடி எழுத்தில், மூன்றாவது வரியில்தான் எல்லாம் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை அவள் மனம் பாடப்புத்தகத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

சுறாவின் கசியிழையம்.

இன்று வாப்பாவின் பேரில் கத்தம். அவர் இறந்த எட்டாவது வருட நினைவு ஓதல். விடியச் சுபஹ் தொழுத கையோடு முற்றத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்த அரிசி மூட்டை வாசலில் கிடந்தது. வெங்காயம் உரிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு சல்மா உம்மா, வளவைச் சுற்றி வந்துகொண்டிருந்த றாபியாவின் உம்மாவைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"ஆசியா ராத்தா, என்ன இது ஓட்டம்? மகன் ஜித்தாவிலிருந்து மருந்தா அனுப்பின, பெட்றோலா?"

பெண்கள் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். றாபியா மட்டும் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

ஆறு வருடமாக ஆசியா உம்மாவின் முழங்கால்கள் மடங்கவில்லை. கதிரையில் இருந்தபடியே தொழுதார். சுஜூதுக்கு வரும்போது நெற்றி நிலத்தைத் தொடாமல் காற்றில் குனிந்து நிமிரும். அதைப் பார்க்கும்போதெல்லாம், கை எட்டாத தட்டில் எதையோ தேடுகிறவர் போல றாபியாவுக்குத் தோன்றும். வலிக் குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன.

அப்போதுதான் ஜித்தாவில் வேலை செய்யும் மூத்தவன், மசூர் காக்கா, ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் முதல் போத்தலைக் கொடுத்தனுப்பினான். பையில் பாரம் கூடிவிட்டதென்று அந்தக் கூட்டாளி பெட்டிகளையெல்லாம் விமான நிலையத்திலேயே கழற்றி எறிந்துவிட்டுப் போத்தலை மட்டும் கொண்டு வந்தான். போத்தலின் லேபிளில் இருந்தவை சாமான்களின் பெயர்கள் மட்டும். குளுக்கோசமின். கொண்ட்ரொயிட்டின்.

வீடு முழுக்க ஒரே கேள்விதான் எழுந்தது. தூள் அடைத்த உறையில் பன்றி இருக்கிறதா? அந்த மினுங்குகிற உறை எதில் செய்தது?

மௌலவியிடம் கேட்டார்கள். "உறையில சந்தேகமெண்டா உறைய விடுங்க. தூளக் குடிங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் றாபியா இரண்டு உறைகளைத் திருகித் திறப்பாள். உறைகள் அடுப்புக்குள் போகும். தூள் ஒரு கரண்டித் தேனில் கரையும். அந்தக் கரண்டியை அவளே உம்மாவின் வாயில் வைப்பாள்.

உறையைப் பற்றி ஊரே கேட்டது. தூளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சயன்ஸ் பட்டம் எடுத்த அவளும் கேட்கவில்லை. சுறாவின் உடம்பில் எலும்பே இல்லை, காதுமடல் போல வளைகிற கசியிழையம்தான் தலை முதல் வால் வரை என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவள் அவள். அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் உம்மா தேனை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடல் மணக்கிது."

"இறால் கோதுல செய்யிற சாமான் இரிக்கும்மா. அதான் மணம்."

அது பொய்யில்லை. பாதி உண்மை.

மருந்தோ, துஆவோ, ஒரு மாதம் போனதும் முழங்கால் மடங்கத் தொடங்கியது. கதிரை சுவரோரம் போனது. இரண்டாம் மாதம் உம்மா முசல்லாவை நிலத்தில் விரித்தார். நெற்றி நிலத்தில் பட்ட அன்று அவர் எழும்பவே இல்லை. றாபியா பயந்து போய் முதுகைத் தொட்டாள். உம்மா அழுதுகொண்டிருந்தார்.

முந்தநாள் மத்தியானம் மசூர் விடுமுறையில் வந்திறங்கினான். புதுப் போத்தல். இந்த முறை பெட்டியோடு.

அதற்குப் பிறகு றாபியாவுக்கு வீட்டில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. கால் இழுத்து நடந்த காலத்தில் உம்மாவின் நடையை எந்த அறையிலிருந்தும் சொல்லிவிடலாம். இப்போது நடை மாறிவிட்டது. குதியை அழுத்தி, ஒரே அளவாக, மெதுவாக வருகிற நடை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது உம்மாவின் நடை இல்லை.

வாப்பா அப்படித்தான் நடப்பார்.

"றாபியா! மருந்து எங்ககா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். உம்மா பின்னால் நின்றார்.

"முடிஞ்சிட்டும்மா."

"என்ன முடிஞ்ச? காக்கா கொண்டு வந்த போத்தல் கண்ணுக்கு முன்னால நிக்கிது."

"அது வேற சாதி. வாசிச்சிப் பாத்துட்டுத் தாறன்."

"நேத்தும் இதத்தான் சென்னாய். படிச்ச புள்ளைக்கி ஒரு போத்தல வாசிக்க ரெண்டு நாளா?"

றாபியா விறகை அடுப்புக்குள் தள்ளினாள். உம்மா அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார். அந்த நடை முற்றத்தைக் கடந்து போனது.

மசூர் கிணற்றடியில் இறைச்சி கழுவிக்கொண்டிருந்தான். ஜித்தாவில் உடம்பு வைத்துவிட்டது. சாரனை மடித்துக் கட்டி, கையில் தங்க நிற மணிக்கூடு.

"காக்கா, ஒரு விசயம் கதைக்கணும்."

"மாப்பிள்ள ஆரெண்டு மட்டும் செல்லு. மிச்சத்த நான் பாத்துக்குறன்."

"பகிடி விடாதீங்க."

அவள் முந்தானைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள். விரலால் அந்த வரியைக் காட்டினாள்.

"இது இறால் கோது, நண்டுக் கோது" என்று வாசித்தான் மசூர். "நண்டுக்குத்தான் மௌலவிமார் ரெண்டு கதை கதைப்பாங்க. அதுக்கா இந்த முகம்?"

"அதுக்குக் கீழ."

அவன் வாசித்தான். உதடு அசைந்தது. திரும்பவும் வாசித்தான். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டான்.

அவனுடைய முகத்தைப் பார்க்கத்தான் றாபியா பயந்திருந்தாள். வாப்பா போனபோது அவனுக்குப் பதினெட்டு வயது. வாப்பா உதுமாலெவ்வையும் உம்மாவின் தம்பி அபூசாலியும் தோணியில் கடலுக்குப் போனார்கள். மறுநாள் அபூசாலி மாமா மட்டும் ஒரு பலகையைப் பிடித்தபடி கரை சேர்ந்தார். தோணி கவிழ்ந்ததென்றார். மச்சானைச் சுறா இழுத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அடக்குவதற்கு மையத்து, ஓர் உடல், கிடைக்கவில்லை. கண்ட சாட்சி இருந்ததால் மவுத்து, அந்த மரணம், உறுதியாயிற்று. உம்மா விதவைக்குரிய இத்தா இருந்தார். அன்று முதல் சுறா இந்த வீட்டுப் படலைக்குள் வரவில்லை. பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறுத்தால் உம்மா ஜன்னலைச் சாத்துவார்.

மசூர் அப்படி ஜன்னலைச் சாத்தவில்லை. ஒரு வருடம் முழுக்க, கரையில் இறங்கிய ஒவ்வொரு சுறாவின் வயிற்றையும் தன் கையாலேயே கிழித்தான். ஒரு பொத்தான். மோதிரத்தின் ஒரு துண்டு. எதையாவது தேடினான். மீன்காரர்கள் முதலில் பாவம் பார்த்தார்கள். பிறகு ஏசினார்கள். பிறகு 'சுறா மசூர்' என்று பட்டம் வைத்தார்கள். பட்டம் தாங்காமல்தான் அவன் ஜித்தாவுக்குப் போனான் என்று ஊரில் சொல்வார்கள்.

"எத்தின மாசம் குடுத்தாய்?" என்று கேட்டான் அவன்.

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"மருந்துக் கடக்காரன்கிட்ட பண்டி இரிக்கா எண்டு மட்டும்தான் கேட்டன். இல்லெண்டான். சந்தோசத்தில வேற ஒண்டும் கேக்கல்ல." அவன் தன் கைகளைப் பார்த்தான். இறைச்சி நீர் வடிந்துகொண்டிருந்தது. "உம்மாட்டச் செல்லாத."

"செல்லாம எப்படி நிப்பாட்டுற?"

"முடிஞ்சிட்டு எண்டு செல்லு. வேற மருந்து அனுப்புறன்."

"அது வாற வரைக்கும்? நிப்பாட்டினா திரும்பவும் கதிரதான், காக்கா."

"கதிரையில தொழுதா அல்லாஹ் ஏத்துக்கமாட்டானா?"

"அல்லாஹ் ஏத்துக்குவான். உம்மா ஏத்துக்கமாட்டா."

மசூர் பெட்டியைத் திரும்பவும் புரட்டினான்.

"செல்லாம குடுத்தா நான் தினமும் உம்மாவ ஏமாத்துறன்" என்றாள் றாபியா. "செல்லிட்டா உம்மா இனிச் சுஜூதுல நெத்திய வைக்கிற நேரமெல்லாம் அந்த நினைப்பு வரும். எதக் குடிச்சி இந்தக் கால் மடங்கிச்சி எண்டு."

"அப்ப செல்லாத. நான் மவுத்தானாலும் செல்லாத." அவன் எழும்பி, பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு, வாழை மரத்துக்குப் பின்னால் போனான். அவன் ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது.

அபூசாலி மாமா வெயில் ஏறின பிறகு வந்தார். வருடத்தில் எல்லா நாளும் இந்த வீட்டில் சாப்பிடுவார். கத்தத்தன்று மட்டும் ஒரு பிளேன்டீயோடு நிறுத்திக்கொள்வார். வெளி விறாந்தையில் கடலுக்கு முதுகு காட்டி இருப்பார். அவர் இருக்கிற இடத்தைப் பிள்ளைகள் கூடத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போவார்கள்.

றாபியா தேநீரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்ன மகள்? முகம் செத்துப்போயிருக்கு."

"மாமா, உம்மா குடிக்கிற மருந்தில சுறா இரிக்கி. எனக்கு இப்பதான் தெரியும். எப்படிச் செல்றதெண்டு தெரியல்ல."

"சுறாவா?"

மாமா சிரித்தார். சிறிய, வறண்ட சிரிப்பு. வாயைத் தாண்டி வந்துவிட்டதும் அவருக்கே அது தெரிந்தது. தேநீர்க் கோப்பை சரிந்து சாரனில் ஊற்றியது. சுட்டிருக்க வேண்டும். அவர் துடைக்கவில்லை.

"அது ஒண்டும் செய்யாது, மகள். மீன்தானே."

"என்ன மாமா இப்படிச் செல்றீங்க? கண்ணால கண்டது நீங்கதானே."

"ஓம்" என்றார் அவர். "நான்தான் கண்ட."

வருடா வருடம் யாராவது கேட்பார்கள். மாமா சொல்வார். தோணி இடப்பக்கம் சரிந்தது, மச்சான் கையைத் தூக்கினார், தண்ணி கறுத்தது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பாடமாக்கிய பிள்ளைகள் வகுப்பில் அப்படித்தான் ஒப்பிப்பார்கள். இடையில் ஒரு கேள்வி கேட்டால் முதல் வரிக்குத் திரும்பிப் போவார்கள். றாபியாவுக்கு இது ஏன் இப்போது நினைவுக்கு வருகிறதென்று விளங்கவில்லை. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியான ளுஹருக்குப் பின் ஓதினார்கள். வீட்டு மண்டபம் நிறையத் தொப்பிகள். குரல்கள் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கின. துஆவில் வாப்பாவின் பெயர் வந்தபோது மாமா ஆமீன் சொல்லவில்லை. உதடு கூட அசையவில்லை. றாபியா திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. வந்தவர்கள் சோற்றுப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே சல்மா உம்மா சட்டி சுரண்டுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

பின்னேர அஸர் பாங்கு கேட்டது. உம்மா அறைக்குள் முசல்லாவை விரித்தார்.

றாபியா நிலையைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு காலை மருந்து விட்டுப்போயிருந்தது. அதனால்தானோ, நாள் முழுக்க நடந்ததாலோ, உம்மா இறங்கும்போது ஒரு கையை நிலத்தில் ஊன்றினார். ஆனாலும் இறங்கினார். நெற்றி நிலத்தில் பட்டது. வெள்ளைத் துப்பட்டிக்குள் உடம்பு சிறிய குவியலாகிவிட்டது. உள்ளங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவர் அப்படியே இருந்தார். வெகுநேரம் இருந்தார். அறைக்குள் வேறு யாரோ இருப்பது போலவும், அந்த ஆள் எழும்பட்டும் என்று உம்மா காத்திருப்பது போலவும் றாபியாவுக்குத் தோன்றியது. கை மயிர் சிலிர்த்தது. அவள் ஆவிகளை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அறையின் மூலையைப் பார்க்கவில்லை.

உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். திரும்பாமலே சொன்னார்.

"செல்லு."

"என்னத்தம்மா?"

"ரெண்டு நாளா தொண்டைக்குள்ள வெச்சிரிக்கிறத."

றாபியா உள்ளே போய் அவர் முன்னால் நிலத்தில் இருந்தாள். பெட்டியை முசல்லாவின் ஓரத்தில் வைத்தாள். கிணற்றடியில் யோசித்து வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"அந்தத் தூள்ல சுறா இரிக்கும்மா. சுறாட முள்ளு. நான் உறையத்தான் பாத்தன். உள்ளுக்க என்ன எண்டு பாக்கல்ல. ரெண்டு மாசமா என்ட கையாலதான்... வாப்பாவக் கொண்டு போனத நான் உங்களுக்குத் தேன்ல..."

அவள் பெட்டியை உம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"அவள்ட பிழையில்ல." மசூர் வாசலில் நின்றான். "வாங்கினது நான்."

அவனுக்குப் பின்னால், மண்டபத்தில், மாமா எழும்பி நிற்பது தெரிந்தது.

உம்மா பெட்டியைத் தொடவில்லை. றாபியாவின் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை விரித்துப் பார்த்தார். விரலிடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எத்தின தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினாய்?"

றாபியா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

உம்மாவின் முகத்தில் அப்போதுதான் ஏதோ உடைந்தது. சுறா என்று சொன்னபோது அது உடையவில்லை. அதை றாபியா கவனித்தாள்.

"போய்த் தேன எடுத்துட்டு வா."

"உம்மா!"

"மருந்து விட்டுப்போச்சி. முழங்கால் பிடிக்கிது. எடுத்துட்டு வாகா."

"உங்களுக்கு விளங்குதா?" மசூரின் குரல் பதினெட்டு வயதுக்குத் திரும்பிப் போயிருந்தது. "சுறா. சுறா உம்மா! நான் ஒரு வருசம் இந்தக் கையால..."

"தெரியும் மனே. நீ வந்து கை கழுவுற நேரம் தண்ணி ஊத்தினது நான்தானே."

"அப்ப?"

"ராத்தா." அபூசாலி மாமா வாசலுக்கு வந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. "வேணா ராத்தா. எட்டு வருசம் போயிட்டு."

"நீ சும்மா இரிடா. ஒனக்கும் போதும், எனக்கும் போதும்." உம்மா றாபியாவின் கையை விடவில்லை. "இந்தப் புள்ள செய்யாத பிழையத் தூக்கிக்கிட்டுத் திரியப்படா."

அவர் மசூரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஒனக்குப் பதினெட்டு வயசு. சண்டைக்குப் போக ஊருல பொடியன்மாரெல்லாம் துவக்குக் கேட்டு நிண்ட காலம். மனிசர்ட பேரச் சென்னா நீ பழி வாங்கப் போயிருவாய். போனா வரமாட்டாய். அதான் நானும் மாமாவும் மீன்ட பேரச் சென்னம். மீனோட கோவப்பட்டா மீன்தானே சாகும்."

மசூர் மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே சட்டி சுரண்டுகிற சத்தம் நின்றிருந்தது. உம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்கட வாப்பாவச் சுறா தொடல்ல. வெளிச்சமில்லாத போட் ஒண்டு வந்து தோணிக்குப் பக்கத்தில நிண்டிச்சி. துவக்கு வெச்சிருந்த ஆக்கள் அவர உசிரோடதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க."